கிர்ருவின் கன்னம்

உலகத்தில் உள்ள அத்தனை பொருள்களையும் கன்னத்தில் வைத்துப் பார்த்த ஒரே மனிதன் எங்கள் கிர்ரு. போன், ரிமோட், மிக்ஸி ஜார், மின்விசிறி ரெகுலேட்டர், புதிதாக வாங்கிய தண்ணீர் மோட்டார், எதையும் விட்டதில்லை. ஒருநாள் பாகாலா ரயில் நிலையத்தில் ஒரு இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறான். டீ விற்கிறவர் பதறிப்போய், "இன்னா சார், வூட்ல சண்டையா?" என்று முதுகைத் தடவியிருக்கிறார். இவன் கன்னத்தை எடுக்காமலே, "சும்மா இருபா. வண்டி சித்தூர்ல கெளம்பிச்சான்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றானாம்.

சம்பளப் பட்டியலில் அவனுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. திருப்பதியில், ஒரு இனிப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில் நாங்கள் செய்த வேலையும் கிர்ருதான், அவன் பெயரும் கிர்ருதான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். போனில் கிரிக்கெட் விளையாடும்போது பந்து மட்டையில் பட்டால் உள்ளங்கையில் கிர்ரென்று ஒரு சின்ன உதறல் வரும் இல்லையா? எழுத்தைத் தொட்டால் விரல் நுனியில் ஒரு துடிப்பு வரும் இல்லையா? அது தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எத்தனை பலம், எவ்வளவு நீளம், முடிவில் இழுக்க வேண்டுமா வெட்ட வேண்டுமா என்று வரைந்து வைத்திருப்பார். தொடுதிரைப் போன்கள் அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் மீதிப் பேர் அமெரிக்காவுக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ வெளிநாட்டில் விற்கிற போனுக்கு உதறல் செய்து கொடுக்கும் வேலை எப்படியோ சுற்றிச் சுற்றி எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

கிர்ருவின் நைனாவுக்குக் கங்காதர நெல்லூர் பக்கம் கரும்புத் தோட்டம். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா வேல உனுக்கு?"

"போன் ஒதர்றது நைனா."

"ஒதறுச்சின்னா கெட்டுப்போச்சின்னு அர்த்தம். அத்த ரிப்பேர் பண்றியா?"

"இல்ல நைனா. நல்லா கீற போன ஒதற வெக்கிறேன்."

பெரியவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "இதுக்கு ஆறு பேரா?" என்றார். கொண்டுவந்த வெல்ல மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த வெல்லத்தை எங்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டி கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் கிர்ரு ஒருவனே தின்றான். மேசை டிராயரில் பேனாவுக்குப் பதில் வெல்லம் இருக்கும். எறும்புகள் அவனை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தன.

எங்கள் மென்பொருளைத் திறந்தால் இடப் பக்கம் ஒரு பட்டியல் வரும். கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் போன்களில் எதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு டிவைஸ் என்று பெயர். அதற்குக் கீழே பிளேபேக். எத்தனை தடவை ஓட வேண்டும், நடுவில் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு பலம் என்பதை அங்கே வைக்க வேண்டும். நாங்கள் எல்லாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை ஓட்டி, கையில் சரியாகத் தெரிந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கிர்ருவுக்கு அங்கேதான் நாளே ஆரம்பிக்கும். டிவைசை மாற்றுவான். பலத்தைக் கூட்டுவான். நிற்காமல் ஓடும்படி வைப்பான். போனைக் கன்னத்தில் வைப்பான், நெற்றியில் வைப்பான், பல்லால் மெல்லக் கடித்துப் பார்ப்பான்.

"ஏன்டா, கையில வெச்சுப் பாத்தா போதாதா?" என்று கேட்டால், "உள்ளங்கை பொய் சொல்லும் பாவா. கன்னம் சொல்லாது" என்பான். தெலுங்குக்காரர்களோடு பழகி, ஆண்கள் எல்லோரையும் அவன், மச்சான் என்பதுபோல, 'பாவா' என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் முதலாளியை நாங்கள் ஓனர் காரு என்போம். மதியச் சாப்பாடு ஆனதும் அவர் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார். ஒருநாள் கிர்ரு டெஸ்ட் போனை அவருடைய தொந்தியின் மேல் வைத்து, முழுப் பலத்தில், நிற்காமல் ஓடும்படி வைத்துவிட்டான். சட்டை எப்படி அசைகிறது என்று பார்த்து உதறலின் வடிவத்தைச் சரிசெய்கிறானாம். நடுவில் வெல்லம் எடுக்கப் போனவன் போனை மறந்துவிட்டான். ஓனர் காரு, "பூகம்பம்! பூகம்பம்!" என்று அலறிக்கொண்டு எழுந்து, செருப்பில்லாமல் படியிறங்கி, கீழே இனிப்புக் கடைக்காரரையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் நின்றார். தொந்தியில் இருந்து விழுந்த போன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து அவர் கத்திய கத்தலில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடின. "ஏமய்யா கிர்ரு! பந்து பட்டா பந்து பட்ட மாதிரி இருக்கணும். நீ பண்ணா லாரி மோதின மாதிரி இருக்குது. தக்கிஞ்சய்யா, கொஞ்சம் கொற!"

"கொறச்சிட்டேன் சார்."

"கொறச்சா இது?"

கிர்ரு போனைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்தான். பிறகு கன்னத்தில் வைத்தான். "ஆமா சார், கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றான். நாங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தோம்.

அதற்கப்புறம் அவன் ஒரு புதுமுறை கண்டுபிடித்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் போனை வைத்து ஓட்டி, அந்த மூடி போடும் சத்தத்தைக் கேட்டே உதறலைச் செய்வது. மூடியைத் தந்தவள் பத்மா. எதிர்சீட்டில் இருந்த புத்தூர்ப் பெண், நன்றாக வேலை தெரிந்தவள், சிரித்தால் நிறுத்தத் தெரியாதவள். "என் மூடி ஒண்ணு, சாப்பாட்டுக்கு மூடவா உனுக்குப் பாட்டு கேக்கவா?" என்று அவள் சண்டை போடுவாள். ஒருமுறை போன் மூடியோடு ஊர்ந்துபோய் அவளுடைய சாம்பாரில் விழுந்தது. கிர்ரு அதை எடுத்துத் துடைத்து, "சாம்பார்ல நல்லா கேக்குது" என்றான். இப்படிக் காதால் செய்த உதறல்கள் சில மிக நன்றாக வந்தன. சில குப்பையாக வந்தன. எது எப்படி வரும் என்று அவனுக்கே தெரியாது. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். "இது கலை பாவா" என்பான்.

அவன் கதைகளில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது செருப்புக் கதை. மனைவி அலமேலு பாகாலாவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் இருவரும் அங்கேயே குடியிருந்தார்கள். தினமும் ரயிலில் வந்து, திருப்பதி ஸ்டேஷனில் இருந்து ஆபீசுக்கு நடப்பான். ஒரு சித்திரை மாதக் காலையில் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பத்மா குனிந்து பார்த்து, "அய்யோ, ஒரு கால்ல செருப்பு எங்க?" என்றாள். கிர்ருவும் குனிந்து பார்த்தான். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றில் தூசியும் தாரும்தான் இருந்தன.

"எங்கியோ வுட்டுட்டேன் போலக்குது" என்றான்.

"வழி முழுக்க ஒத்தைச் செருப்போட நடந்தியா? கால் சுடலயா?"

"யோசனைல வந்துட்டேன் பத்மா. அந்த மழை எஃபெக்ட் மண்டைல ஓடிக்கினு இருந்துது."

பெரிய கலைஞர்கள் எல்லாம் இப்படித்தான் இருப்பார்கள் என்று நாங்கள் முடிவுசெய்தோம். ஓனர் காரு இந்தக் கதையை வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லுவார். கீழ்க்கடையில் இருந்து வரும் கொதிக்கிற டீ கிளாசை நாங்கள் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, கைமாற்றி, ஊதி ஊதிக் குடிப்போம். கிர்ரு முழு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு கதை பேசுவான். 'சாமியார்' என்று கைதட்டுவோம். அவனும் கண்ணை மூடி எங்களுக்கு ஆசீர்வாதம் கொடுப்பான்.

இதையெல்லாம் எழுதும்போது முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அது ரொம்ப நேரம் நிற்பதில்லை.

எங்கள் மாடி ஆபீசைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கப்போவதாகப் பேச்சு வந்தது. வேலை தெரிந்தவர்களைப் பெங்களூருக்குக் கூட்டிப் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் திடீரென்று நேரத்துக்கு ஆபீசுக்கு வர ஆரம்பித்தோம். கிர்ரு டிராயரில் இருந்த வெல்லத்தை எடுத்துவிட்டுப் பேனா வைத்தான். அலமேலுவிடம் பெங்களூரில் கடை வாடகை எவ்வளவு இருக்கும் என்றெல்லாம் பேசியிருந்தான்.

சோதனை செய்ய அங்கிருந்து ஒரு மேடம் வந்தார். சாந்தமான முகம், நரைத்த முடி, நல்ல தமிழ். சோதனை ரொம்ப எளிது. கண்ணை மூடிக்கொண்டு போனை உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு உதறலாக ஓட்டுவார். எப்படி இருக்கிறது, முன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். பத்மா சொன்னாள், நான் சொன்னேன். ஏதோ தேறினோம்.

கிர்ருவின் முறை வருவதற்கு முன்னால் மேடம் தன்னுடைய புதுப் போனை எங்களுக்குக் காட்டினார். சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்ததால் அதையும் அதே கம்ப்யூட்டரில் செருகி, தன் கைப்பையின் மேல் வைத்தார். புதிதாக ஒரு போன் வந்தால் எங்கள் மென்பொருள் யாரையும் கேட்காமல் அதையே டிவைசாக எடுத்துக்கொள்ளும். அதை அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை.

கிர்ரு கண்ணை மூடிப் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். மேடம் மவுசை அழுத்தினார். டக்.

"இது கூர்மையா இருக்குது மேடம்" என்றான். "ஆரம்பம் நல்லா இருக்குது. முடிவுல லேசா இழுக்குது."

டக்.

"இது மெத்துனு இருக்குது. ஈர மண்ணுல கால வெச்ச மாதிரி. இத்த இன்னும் கொஞ்சம் தூக்கலாம்."

டக்.

"ஆங், இது சூப்பர்."

பத்மாதான் முதலில் பார்த்தாள். மேடத்தின் கைப்பையின் மேல் அந்தப் புதுப் போன் துடித்துத் துடித்து நகர்ந்துகொண்டிருந்தது. அவள் என்னை இடித்தாள். நான் திரையைப் பார்த்தேன். டிவைஸ் மாறியிருந்தது. கிர்ருவின் கையில் இருந்த போன் ஒருமுறைகூட ஓடவில்லை.

எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வழக்கம்போல ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தோம். ஓனர் காரு, "பலே நடிகுடு!" என்று கைதட்டினார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கிர்ருவின் முகத்தில் இருந்த புன்னகை நின்றுவிட்டது. கண்ணைத் திறக்காமலே போனை இறுக்கிப் பிடித்தான். பிறகு மெதுவாகத் தூக்கிக் கன்னத்தில் வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அறையில் எல்லோரும் ஒவ்வொருவராக அடங்கினோம்.

"ஓடலயா மேடம்?" என்றான்.

மேடம் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு தம்பி?"

"மொதல்ல கால்ல மேடம். அப்புறம் கை. ஒரு வருஷம் இருக்கும்." தப்பு செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் நிற்கிற பிள்ளையின் குரல். "சரியாப்பூடும்னு பாத்துக்கினு இருந்தேன். மவுசு சத்தத்த வெச்சி, இவங்க மூஞ்ச வெச்சி, எப்டியோ ஓட்டிக்கினு வந்துட்டேன்."

"சுகர் பார்த்தீங்களா?"

அவன் தன் மேசை டிராயரைப் பார்த்தான். பத்மா டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு கழுவப் போவதுபோல வெளியே போனாள். கழுவ அதில் ஒன்றும் இல்லை.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சர்க்கரை பல வருடமாகவே உடம்பில் இருந்து நரம்புகளைத் தின்றிருக்கிறது. இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது அவ்வளவாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பை நிறைய மாத்திரையோடு அவன் ஆபீசுக்கு வந்தான். எங்களுக்குள் ஒரே பேச்சுத்தான். ஒற்றைச் செருப்போடு ஒருவன் வெயிலில் நடந்து வந்து நின்றபோது, கலைஞன் என்று சொல்வதற்குப் பதில், ஆஸ்பத்திரிக்கு வா என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். கொதிக்கிற டீயை அவன் கையில் பார்த்துக் கைதட்டாமல் இருந்திருக்கலாம். கிர்ரு அப்படி யாரையும் நினைக்க விடவில்லை. "எனுக்கே தெரியாம மறைச்சேன், உங்குளுக்கு எப்டி தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த மேடம் நல்லவர். கணக்கு வழக்கு பார்க்கிற வேலை இருக்கிறது, பெங்களூருக்கு வாருங்கள் என்றார். கிர்ரு போகவில்லை. கடைசி நாள் படியிறங்கும்போது என்னிடம், "ஒதறலே தெரியாம ஒதறல் ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு இன்னா பண்றது பாவா? தெனம் நீங்க கையில வெச்சிப் பாக்கறத பாத்துக்கினே இருக்கணும். வேணாம்" என்றான்.

நான் பெங்களூர் போனேன். அங்கிருந்து கொஞ்ச காலம் சிங்கப்பூர். போன புதிதில் அவனுக்கு அடிக்கடி போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டான். பண்டிகைக்குச் செய்தேன், எடுக்கவில்லை. எங்கள் மேல் கோபமாக இருக்கிறான், சிரித்ததை மனதில் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பத்மாவுக்கும் அதே அனுபவம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றுபோனது. வருடங்கள் அப்படித்தான் போகின்றன, யாரும் தள்ளாமலே.

போன வருடம் சித்தூரில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு ரயிலில் திருப்பதி திரும்பும்போது பாகாலாவில் வண்டி நின்றது. என்ன தோன்றியதோ, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை இருந்தது. அலமேலுதான் இருந்தாள், கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிச் சத்தம் போட்டாள். "ஏங்க! வெளிய வந்து பாருங்க யாரு வந்துகீறாங்கன்னு!"

கிர்ரு வந்தான். மெலிந்திருந்தான். காலில் கனமான வார் வைத்த செருப்பு. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்களாம். "ரெண்டும் வேலைக்கு ஆவாத வெரலு பாவா" என்றான். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. ஊரில் யார் பிரிண்ட் எடுக்க வந்தாலும் அவன்தான் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்துகிறானாம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரையே திருத்திவிட்டான் என்று அலமேலு தலையில் அடித்துக்கொண்டாள்.

டீ குடித்து முடித்ததும் கேட்டேவிட்டேன். "எத்தனை தடவ போன் பண்ணேன், ஏன்டா எடுக்கல? அவ்வளவு கோவமா?"

அவன் விழித்தான். "கோவமா? யாரு மேல?"

அலமேலு இடையில் புகுந்தாள். "நான் சொல்றேன்ணா. போன்ல பெல்லு வைக்க மாட்டாரு. வெறும் ஒதறல்தான். பையில போட்டுக்கினு சுத்துவாரு. வந்தா எப்டித் தெரியும்? பெல்லு வைய்யா வைய்யான்னு நானும் அழுதுட்டேன். ஒதறல் செஞ்சவன் போன்ல பெல்லு அடிக்கக் கூடாதாம். மானம் பூடுமாம்."

"அப்புறமா எடுத்துப் பாக்கும்போது உம் பேரு நிக்கும் பாவா" என்றான் கிர்ரு. "வந்தப்பவே தெரிஞ்சிருந்தா டக்குனு எடுத்துப் பேசிருப்பேன். திருப்பிக் கூப்புடறதுக்குத்தான் தெகிரியம் வரல. எப்டி கீற, இன்னா பண்றேன்னு கேப்ப. ஜெராக்ஸ் எடுத்துக்கினு கீறேன்னு சொல்லணும். நாளிக்கி பண்ணலாம், நாளிக்கி பண்ணலாம்னு..." என்று இழுத்து நிறுத்தினான்.

அவன் பையில் எங்கள் அழைப்புகள் துடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

சாயங்கால வண்டிக்கு அவனும் பிளாட்பாரம் வரை வந்தான். பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மெதுவாக. வண்டி வந்து நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்மாவின் பிள்ளைகளைப் பற்றி, ஓனர் காருவின் தொந்தியைப் பற்றி, எதை எதையோ கேட்டான். சிரித்தோம். சிக்னல் விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"கைய வுட்டுட்டியா பாவா?"

"இல்லடா. புடிச்சிக்கினுதான் கீறேன்."

"செரி" என்றான்.

வண்டி நகர ஆரம்பித்தது. நான் ஏற வேண்டிய பெட்டி எங்கள் முன்னால் மெல்லப் போனது. அன்று நான் விட்டது அந்த வண்டியை மட்டும்தான்.